மிட்டு சாருக்கு வந்த அழைப்பு

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் சிஐடி. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கூரியர்க்காரர் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று சாயங்காலம் வரை யோசிப்பாள். கட்டிக்கொண்டவர் பழகிப்போய், வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையைத் தானே காலி செய்து காட்டிவிடுவார்.

அந்த சிஐடிக்கே தண்ணி காட்டியது ஒரு விஷயம்.

வேர் சிகிச்சைக்கு நேரம் குறித்திருந்த தையல்காரர் ஒருநாள் வந்து சத்தம் போட்டார். "என் பல்லு விஷயம் வெளியில எப்படிம்மா தெரியுது? உங்ககிட்ட பதிஞ்ச மறுநாளே எவனோ போன் பண்ணி, 'மேல் வரிசை, வலது பக்கம்தானே, நாங்க சரி பண்றோம்'ங்கறான்!"

அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

சிஐடியின் கண் நேராகப் புது நர்ஸ்மேல் போய் நின்றது. வேலைக்கு வந்து மூன்று மாசம்தான். போன் வந்தால் படிக்கட்டுக்கு ஓடுவாள்.

"யார்கிட்ட என்ன பேசறே?" என்று கேட்டே விட்டாள்.

"அம்மாகிட்டக்கா. காது மந்தம், கத்திப் பேசணும். அதான் வெளியில போறேன்."

நல்லாத்தான் கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சிஐடி.

நர்ஸ் மூன்று நாள் லீவு போட்டு ஊருக்குப் போன ஒரு புதன்கிழமை பொறி வைத்தாள். கம்ப்யூட்டர் பதிவுப் பக்கத்தில் ஒரு பொய் நோயாளியைச் சேர்த்தாள். பெயருக்குத் தன் வீட்டுப் பூனை மிட்டு, வயது எழுபது, கீழ்க் கடைவாய்ப்பல். கைப்பையில் சும்மா கிடந்த பழைய போனின் எண்ணைக் கொடுத்தாள். டாக்டரம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

இரண்டாம் நாள் அந்த போன் அடித்தது.

"மிட்டு சார் இருக்காங்களா? அவங்க கடைவாய்ப்பல் விஷயமா..."

சிஐடி போனை கட் செய்தாள். இது தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று அவள், இன்னொன்று எதிரே இருந்த கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்தார். அவரையும் நம்பாமல் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். அவர் பிரவுசரில், கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைத் திறந்தார். பூதக்கண்ணாடி படம் போட்ட ஒன்றைக் காட்டி, "இது யார் போட்டது?" என்றார்.

"நான்தான். எழுத்தைப் பெருசாக்கறதுக்கு."

"படிச்சுப் பாருங்க. 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி குடுத்திருக்கீங்க. நீங்க பதியறதை இது படிச்சு எவனுக்காவது வித்திருக்கும். நடுவுல ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே?"

வந்தது. மேசையைச் சுற்றி ஆறு பேர் நின்றிருந்த நேரம். 'சரி' என்று அமுக்கித் தள்ளிவிட்டாள். கூரியர்க்காரரின் சிரிப்பைச் சந்தேகப்பட்டவளுக்கு அந்தப் பெட்டிமேல் சந்தேகமே வரவில்லை.

"இதேதான்னு என்ன நிச்சயம்?" என்றாள் விடாமல்.

அதை நீக்கிவிட்டு, வேறொரு எண்ணில் இன்னொரு பொய் நோயாளியைப் பதிந்தார்கள். பத்து நாள் ஆகியும் அந்த போன் மூச்சு விடவில்லை. அதற்குள் டாக்டரம்மா பாஸ்வேர்டுகளை மாற்றி, நோயாளிகளைத் தானே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டிருந்தார். சிஐடி மீதி எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக விசாரித்தாள். வேலையில்லாதவை வெளியே போயின. அகராதி எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும், தான் சொடுக்கினால் ஒழியப் பக்கத்தைப் பார்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டாள். எழுத்தைப் பெரிதாக்கப் பிரவுசரிலேயே வசதி இருந்தது. இரண்டு பொத்தானை அழுத்தினால் போதும்.

நர்ஸிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

"உன்மேல சந்தேகப்பட்டுட்டேன். தப்புதான்."

"தெரியும்க்கா. நான் எடுத்த பஞ்சை நீங்க எண்ணினதும் தெரியும்." அவள் சிரிக்கவில்லை.

ஒரு மாசத்துக்கு வேலைப் பேச்சு மட்டும்தான். பிறகு ஒரு மதியம், கூட்டம் குறைந்திருந்தபோது, நர்ஸ் தன் போனை நீட்டினாள்.

"அக்கா, காலண்டர் ஆப் ஒண்ணு போட்டேன். மைக் அனுமதி கேக்குது. குடுக்கலாமா?"

சிஐடி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தேதி சொல்றதுக்கு அதுக்கு எதுக்குடி காது? உக்காரு, பாப்போம்."