கீழ துன்னுட்டேன்

என் பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுக்கு அடியில் ஓட்டை ஏதாவது இருக்குமோ என்று வெகுநாள் சந்தேகப்பட்டிருக்கிறேன். இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பெரியவள் வந்து நிற்பாள். “அம்மா, பசிக்குது.” அவளுக்கு ஐந்து வயது. பின்னாலேயே மூன்று வயதுத் தம்பி, “பச்சிக்குது.” வாழைப்பழம் கொடுத்தால் அது இறங்குவதற்குள் பிஸ்கட். பிஸ்கட் முடிந்தால் தோசை. தோசையை வார்த்துக்கொண்டு போனால், தோசை வேண்டாம், பூரி. கோவில்பதாகையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, காதில் அலுவலக மீட்டிங்கும் கையில் கரண்டியுமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கீழே வீட்டுக்காரர்கள். அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது எங்கள் தெரு முழுக்க வீடுகள் நிற்கின்றன. அந்த வீட்டு மருமகள் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். எனக்கு அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை.

ஒரு நாள் மீட்டிங் முடிந்ததும் அவசரமாகப் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பெரியவள் மெதுவாகப் படியேறி வந்தாள். உதட்டோரம் குழம்பு.

“எனக்கு வேணாம்மா. கீழ துன்னுட்டேன்.”

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாடுதான் தின்னும். மனிதர்கள் சாப்பிடுவார்கள். குழந்தை இப்படிப் பேசப் பழகிவிட்டாளே என்றுதான் அன்றைக்கு என் கணவரிடம் புலம்பினேன். ஆனால் என்னைச் சுட்டது வேறு. அந்த வார்த்தையில் ஒரு ஏப்பம் இருந்தது. என்னிடம் அவளுக்கு எந்நேரமும் பசிக்குது. கீழே போனால் துன்னுட்டேன். ‘போதும்மா’ என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், என்னிடம் சொன்னவள் இல்லை.

இறங்கிப் போய், “உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?” என்று சிரித்துவைத்தேன்.

“இதுல இன்னாமா சிரமம்? கொயந்தைங்க பசிக்கிதுன்னு வந்து நின்னுச்சுங்க. கத்திரிக்கா கொயம்பு ஊத்திக் குட்த்தேன். சமத்தா துன்னுச்சுங்க.”

கத்தரிக்காய்! என் சாம்பாரில் ஒரு துண்டு மிதந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளைகள். எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் அவரிடமே செய்முறை கேட்டு அதே குழம்பை வைத்தேன். “அத்தை வெச்ச மாதிரி இல்ல” என்றாள் பெரியவள், முதல் வாய்க்கே. சின்னவன் வாயில் போட்டதை எடுத்து என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தான்.

கதவைத் தாழ்போட்டும் பார்த்தேன். இரண்டும் ஜன்னலில் ஏறி நின்று, “அத்தை, பசிக்குது!” என்று கத்தின. நான் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறவள் என்று தெருவே நினைத்திருக்கும். நானே ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.

அப்புறம் அக்கா தன் தம்பியின் கல்யாணத்துக்காக, நசரத்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். “வர பத்து நாளு ஆவும்மா. ஊட்ட கொஞ்சம் பாத்துக்கோ” என்று சாவியைக் கொடுத்தார். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வாங்கிக்கொண்டேன்.

லீவு போட்டுச் சமைத்தேன். பூரி, குழிப்பணியாரம், கேட்டது கேட்டபடி. சாப்பிட்டார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. சாப்பிட்டுவிட்டுக் கீழே போய், பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். வந்ததும், “அம்மா, பசிக்குது.”

ஒரு சாயங்காலம் பெரியவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைத் தவிர பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, கீழ் வீட்டு ராகத்திலேயே கேட்டேன்.

“இன்னா கண்ணு, தோச துன்றியா?”

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவள் சிரிக்கவில்லை.

“நீ அப்படிச் சொல்லாதம்மா. அது அத்தை சொல்றது.”

“அப்போ நான் என்ன சொல்லணும்?”

“நீ ‘சாப்பிட வாங்க’ன்னு கத்தணும்.”

கத்தினேன். இருந்த ஆத்திரத்தில் நன்றாகவே கத்தினேன். இருவரும் சந்தோஷமாகத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆளுக்கு மூன்று தோசை உள்ளே போனது. பெரியவள் தட்டை வழித்து விரலைச் சூப்பினாள். இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது.

“போதுமா?” என்றேன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “கொஞ்சம் பசி இருக்கும்மா. அது அத்தைக்கு. அத்தை வந்து துன்றியான்னு கேக்குமில்ல?”

நான் இன்னொரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் ஊற்றினேன். அந்தக் கொஞ்சம் பசியும் எனக்கே வேண்டும்.