வெளுத்துப்போன காவற்படை

என் மாமா டென்சில் ஓக்ஸுக்கு இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டில் பஸ் ஓட்டும் வேலை. ஊர் எழுவதற்கு முன்பே கிளம்பும் முதல் வண்டி அவருடையது. மத்தியானம் வீடு திரும்பி, சீருடைச் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் ஆறும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு இரண்டு மூக்குக்கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் உயரமுள்ள உலோகச் சிப்பாய் ஒருவனைக் கையில் எடுத்து அவன் காலரை ராவ ஆரம்பிப்பார்.

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரு தோள்பையும் துனிசியாவில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலுமாக அவர் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்திருந்தேன். எத்தனை நாள் இருப்பாய் என்று அவர் கேட்கவில்லை. கட்டில்மேல் கிடந்த சிப்பாய்ப் பெட்டிகளைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டு, “கதவை அடிச்சுச் சாத்தாத கண்ணு, ஈட்டியெல்லாம் வளைஞ்சிரும்” என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

அவருக்கு வேண்டியது ஜேம்ஸ் அரசர் காலத்துப் படை. எலிசபெத் அரசி காலத்து ஆட்கள் கடையில் கிடைப்பார்கள். ஜேம்ஸின் மகன் காலத்து உள்நாட்டுப் போர் ஆட்கள் மலைபோலக் குவிந்து கிடப்பார்கள். நடுவில் ஆண்ட ஜேம்ஸ் சண்டை என்றாலே ஒதுங்கிப் போனவர். அவருடைய சிப்பாய்களை வார்த்து விற்பதில் யாருக்கும் பெரிய அக்கறையில்லை. ஆகவே மாமா மகன் காலத்து ஆட்களை வாங்கி, அப்பா காலத்துக்குப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவார். தோளில் படுத்துக் கிடக்கும் அகலக் காலரை ராவி எடுப்பார். நீளத் தலைமுடியை வெட்டுவார். பச்சை நிறப் பட்டிப் பசையைப் பிசைந்து, கழுத்தைச் சுற்றி விசிறிபோல் நிற்கும் மடிப்புக் காலர் செய்வார். ஒவ்வொரு மடிப்பையும் மழுங்கிய ஊசியால் அழுத்த வேண்டும். பட்டி ஊசியில் ஒட்டாமலிருக்க ஊசியை நாக்கில் தொட்டுக்கொள்வார். தொடைப்பக்கம் பட்டி அப்பிக் கால்சட்டையை உப்ப வைப்பார். தொப்பி பிடிக்காவிட்டால் தலையையே வெட்டிவிட்டு வேறு தலை ஒட்டுவார். வண்ணம் பூசி முடித்த ஆளைக்கூட, நல்ல தொப்பி ஒன்று கிடைத்துவிட்டால், மறுபடி வெட்டுமேசையில் படுக்கப் போடுவார்.

“உன் ஆளுங்க ஸ்பானியன் கையால சாகப்போறதில்லடா. உன் கத்தியாலேயே செத்து முடியப்போறாங்க” என்பார் மாரிஸ் டெபட்.

மாரிஸ் கறிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். மாமாவுக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆள். மேசைமேல் இந்தச் சிப்பாய்களை நிறுத்தி ஆடும் ஒரே ஒரு போர் ஆட்டத்தை இருவரும் சேர்ந்து வருடக்கணக்காகத் திட்டமிட்டார்கள். ஜெர்மனியில் ஃப்ராங்கென்டால் என்று ஒரு கோட்டை நகரம். ஜேம்ஸின் மருமகனுக்காக ஆங்கிலேயப் படை ஒன்று அதைக் காத்து நின்றது. ஸ்பானியர்கள் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சம்பளமும் வரவில்லை, உதவியும் வரவில்லை. கடைசியில், சண்டையில் தோற்காமலே, அரசர் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கதவைத் திறந்துகொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். மாரிஸ் ஸ்பானியர்கள்; மாமா காவற்படை. ஸ்பானியர்கள் என்றோ தயார். வண்ணம் பூசியே விற்பதை மாரிஸ் வாங்கிவிட்டார். காவற்படைதான் முடிந்தபாடில்லை.

ஒருமுறை, அந்த ஊருக்குப் பக்கத்தில் நான் ரயில் மாறியிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மாமா கையிலிருந்த ஊசி நின்றது.

“மதில் இன்னும் இருக்கா?”

“தெரியலையே மாமா. தூங்கிட்டேன்.”

“ம்” என்றார். ஊசியை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அவர் அந்த ஊருக்குப் போனதில்லை. போக வேண்டும் என்று சொன்னதும் இல்லை.

அந்த வசந்தத்தில் மாரிஸ் வீட்டை விற்றார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை எங்கள் ஊர் விளையாட்டு அரங்கில் வார்கேம் என்ற இந்தப் போர் ஆட்டங்களின் கண்காட்சி. செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். ஃப்ராங்கென்டால் ஆட்டம் நடந்தால் அந்தச் சனிக்கிழமை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை. மாமா வேலை முடிந்து வந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் மேசைக்குப் போக ஆரம்பித்தார். தலைகளை வெட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிப்பாய்கள் எல்லோருக்கும் வண்ணம் பூசி முடிந்தது. பாக்கி இருந்தது மேல்பூச்சு மட்டும். கையாளும்போது வண்ணம் உரியாமலிருக்க, பளபளப்பில்லாத வார்னிஷை ஸ்ப்ரே டப்பாவால் அடிப்பது வழக்கம். ஈரக் காற்றில் மட்டும் அடிக்கக்கூடாது. இந்த ஆட்டக்காரர்களின் கிளப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் மாமா சொல்லும் முதல் பாடமே அதுதான். அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். யாரோ வேலைக்கு வராததால் அவர் வண்டியை இன்னொரு சுற்றும் ஓட்டிவிட்டு வந்திருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்பக்கக் கொட்டகைக்குப் போவதும், டப்பா சீறுவதும் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

போய்ப் பார்த்தேன். பலகையில் வரிசையாக நின்ற காவற்படை முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. சிவப்புக் கால்சட்டை, நீலச் சட்டை, அத்தனை காலர் மடிப்புகள், எல்லாவற்றின்மேலும் ரொட்டியில் பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு படலம். மாமா டப்பாவைக் கையில் வைத்தபடி நின்றார்.

“ஈரம்” என்றார். “எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடிச்சேன். கை தானா அடிச்சிருச்சு.”

“துடைச்சா போயிடாதா?”

“போகாது. மாரிஸுக்கு ஃபோன் போட்டு வரலைன்னு சொல்லிரு கண்ணு. என்னால இனிமே முடியாது. நான் போய்ப் படுக்கறேன்.”

அவர் படுக்கப் போகவில்லை. கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். நான் மாரிஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு சிரிப்பு.

“வெளுத்துட்டாங்களா? எல்லாப் பயலுகளுமா?”

“எல்லாம்தான்” என்றார் மாமா.

“ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவியேடா! ஈரத்துல அடிக்காதே, ஈரத்துல அடிக்காதேன்னு!”

“சிரிச்சு முடிச்சிட்டியா?”

“இல்ல, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. சரி, கேளு. ஆலிவ் எண்ணெய் இருக்கா வீட்ல?”

“நான் பன்றிக் கொழுப்புல சமைக்கிற ஆளுய்யா. என்கிட்ட எங்கேர்ந்து?”

“என்கிட்ட இருக்கு” என்றேன். அந்த எண்ணெயின் வாசனை சமையலறையை விட்டுப் போகவே மாட்டேனென்கிறது என்று வந்த நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தவர் மாமா. இப்போது வாளிமேலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பிரஷ்ல தொட்டு லேசாத் தடவி, துணியால ஒத்தி எடு. சரியாப் போனாலும் போகும், போகலைன்னாலும் கொண்டு வா. கலரோ வெள்ளையோ, உன் ஆளுங்க நாளைக்கு மேசைல நிக்கணும். என் ஸ்பானியனுங்க ஞாயித்துக்கிழமை பெட்டிக்குள்ள போறாங்க. அப்புறம் நீ தனியா உன் நிழலோட சண்டை போட்டுக்க வேண்டியதுதான்.”

சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தடவினோம். சிலருக்கு நிறம் திரும்பியது. சிலர் வறுத்தெடுத்தவர்கள்போல மினுங்கினார்கள். சிலர்மேல் மடிப்புகளின் இடுக்கில் வெள்ளை அப்படியே நின்றது. மாமா ஒரு ஈட்டிக்காரனைத் தடவிக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, நெற்றி மேசையில் இடித்து எழுந்தார்.

மறுநாள் அரங்கில் எங்கள் மேசை தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. மாரிஸ் காவற்படையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

“மாவு மில்லுல ஒளிஞ்சிருந்தாங்களா? ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் எண்ணெய். அடுப்புல வெச்சா பூரியே போட்டுரலாம்டா” என்று சொல்லியிருப்பார், தமிழராகப் பிறந்திருந்தால். அவர் சொன்னது ‘பை’ என்கிற இறைச்சி அப்பம் சுடுவதைப் பற்றி. மாமாவுக்கு வாய் ஓரம் சற்றே அசைந்தது.

ஆட்டத்துக்கு மாமா வகுத்த விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவர் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அரசரின் உத்தரவு வந்துவிட்டது, கதவைத் திறந்தாக வேண்டும். அதற்குமுன் மதிலை உடைத்து நுழைந்தால் ஸ்பானியருக்கு வெற்றி. காலை முழுவதும் மாரிஸின் பீரங்கிகள் மதிலை இடித்தன. மாமாவின் ஆட்கள் இடிபாட்டில் நின்று, ஏறி வந்தவர்களைத் தள்ளினார்கள். பகடையில் ஒன்று விழவில்லை.

மத்தியானம், கையில்லாத கோட்டு போட்ட ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். “அந்த வருஷத்துக்கு இந்த மடிப்புக் காலர் கொஞ்சம் பழசாச்சே? அதுக்குள்ள தட்டைக் காலர் வந்துருச்சு.”

மாமா முகம் சோர்ந்தது. அவர் ராவி எடுத்ததெல்லாம் அதே தட்டைக் காலர்கள். பதில் சொன்னவர் மாரிஸ்.

“ஊரைச் சுத்தி நான் நிக்கிறேன் சார். தையல்காரன் எப்படி உள்ள போவான்?”

கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தேநீர் வாங்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அரங்கைக் காலி செய்யச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தது. பக்கத்து மேசைகளில் மலைகளையும் மரங்களையும் பெட்டியில் அடுக்கினார்கள். மதில் இன்னும் விழவில்லை. மாமா பகடையைக் கையில் மூடிக்கொண்டு நின்றார்.

“அப்படியே விட்டுருவோம்” என்றார். “நீ எப்பவாவது வருவேல்ல? அப்ப உருட்டலாம்.”

மாரிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “எங்கடா வர்றது? முழங்கால் படி ஏறமாட்டேங்குது. உருட்டு டென்சில். இதை முடிக்காம என்னால அங்க போய் உக்கார முடியாது.”

மாமா உருட்டினார். நான்கு. இன்னொரு சுற்று, அவசர அவசரமாக. உருட்டினார். ஒன்று.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“சரி. வாத்தியம் முழங்க, கொடி பிடிச்சு வெளிய வா. அதுதானே ஒப்பந்தம்?” என்றார் மாரிஸ். பிறகு எழுந்து, கோட்டை வாசலுக்கு நேரே நின்ற தன் ஸ்பானியர்களை இரண்டு பக்கமாக ஒதுக்க ஆரம்பித்தார். ஒருவனையும் விடாமல் முகத்தை வழிப்பக்கம் திருப்பி வைத்தார். மாமா கதவைத் திறந்தார். வெளுத்தவர்களும் மினுங்குகிறவர்களுமாகத் தன் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து, இரு வரிசைக்கும் நடுவில் நடத்திக்கொண்டு வந்தார். நான் உதவிக்குக் கை நீட்டினேன். மாரிஸ் தலையசைத்து வேண்டாமென்றார். துடைப்பக்காரர் எங்கள் மேசையைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, அடுத்த பக்கம் போய், திரும்பி வந்து காத்து நின்றார். கடைசியாகக் கொடிக்காரன் வந்தான்.

“இவனுங்களையும் நீயே வெச்சுக்கயேன்” என்று மாரிஸ் ஸ்பானியர்களைக் காட்டினார்.

“வேணாம்” என்றார் மாமா. “ரெண்டு பக்கமும் என்கிட்ட இருந்தா என்னை யாரு முற்றுகை போடறது? அங்க யாரையாவது பிடிச்சு ஆடு.”

கார் நிறுத்துமிடத்தில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். “உடம்பைப் பாத்துக்கோ” என்றார் ஒருவர். “ஆமா, நீயும்” என்றார் மற்றவர்.

வழியில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலை மாமா காரிலேயே உட்கார்ந்து தின்றார். “கையெல்லாம் உன் எண்ணெய் வாசனை” என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தபோது, எண்ணெய் காய்ந்த இடங்களில் பலருக்கு மறுபடி வெள்ளை படர்ந்திருந்தது. பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

“இருக்கட்டும்” என்று பெட்டியின் மூடியை மூடினார். காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்து, தூங்கிப்போனார்.