நெல் வயலில் சோளம்

நாகேஸ்வரன் வீட்டுப் பண்ணையின் மேலெல்லையில் காலையில் பறக்கத் தொடங்கும் காக்கை, கீழெல்லையைத் தொடுவதற்குள் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிடும். சரி, குஞ்சு பொரிப்பது கொஞ்சம் அதிகம்தான். இறக்கை வலிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற கடைமடையில் கிடந்தது அந்த நிலம். பன்னிரண்டு வயதில் அங்கே நாற்று முடி தூக்கியவள் அம்சம். முப்பது வருஷம் அவள் நட்ட பயிரைத்தான் அந்தக் குடும்பம் தின்றது, விற்றது, பிள்ளையைப் படிக்க வைத்தது. படித்த பிள்ளை முகுந்த் அமெரிக்காவுக்குப் போனான். டெக்சாஸில் கண்ணுக்கெட்டிய தூரம் மாடு மேய்வதைப் பார்த்துவிட்டு, இரண்டாயிரமாவது வருஷம் ஊருக்கு வந்தான்.

"ஆத்துத் தண்ணிய நம்பி இன்னும் எத்தனை நாளைக்குப்பா நெல்லு? மாடு வளர்ப்போம்."

களத்துமேட்டில் கொட்டகை எழுந்தது. பதினாறு கலப்பினப் பசுக்கள் லாரியில் வந்து இறங்கின. முகுந்த் விமானம் ஏறிவிட்டான். மாடுகள் அம்சத்தின் பொறுப்பில் விழுந்தன.

அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. செவலைப் பசு சினையானபோது, "பொட்டைக் கன்னு போட்டா அது உனக்கு, அம்சம்" என்று நாகேஸ்வரன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஒரு சாண் மண்கூடத் தன் பேரில் இல்லாதவள், தினமும் செவலையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

அப்புறம் ஆறு வறண்டது. நெல் இல்லை, ஆகவே வைக்கோலும் இல்லை. முகுந்த் போனில் சொன்னபடி, போர்வெல் தண்ணீரில் தீவனச் சோளம் விதைத்தார்கள். அந்த மண் அதுவரை சோளத்தைப் பார்த்ததில்லை. முதல் அறுப்பு ஆளுயரம். மாடுகள் ஆசையாகத் தின்றன. அறுத்த தாள் மறுபடி துளிர்த்தபோது போர்வெல்லும் வற்றிவிட்டது. பயிர் முழங்கால் உயரத்தோடு நின்றது. இலை சுருண்டது, ஆனால் காயவில்லை. சுற்றிலும் வெடித்துக் கிடந்த வெள்ளை நிலத்துக்கு நடுவே அது மட்டும் கரும்பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

சித்திரையில் ராமநாதபுரத்து ஆட்டுக்காரர்கள் கிடை போட வந்தார்கள். வயலில் ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கை உரமாகும். அவர்களின் தலைவரான கீதாரி, சோள வயலின் வரப்பில் நின்று ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். ஆடுகளை அரை மைல் சுற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பச்சையைத் திருடிட்டான்னு சொல்லிடுவோம்னு பயந்துட்டாருங்க ஐயா" என்று அம்சம் சிரித்தாள்.

"அந்தப் பயம் இருக்கட்டும்" என்றார் நாகேஸ்வரன்.

மறுநாள் காலை பதினாறு மாடுகளும் காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன.

"சோளத்தை அறுத்துப் போட்டுடட்டுங்களா ஐயா?"

"பின்ன, வேடிக்கை பார்க்கவா வெதச்சோம்? காயறதுக்குள்ள போடு."

அறுத்த கட்டில் தளதளவென்றிருந்ததைப் பொறுக்கி முதலில் செவலைக்கு வைத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று இன்னொரு கை கூடுதலாகவும் வைத்தாள். கடைசி மாட்டிடம் அவள் போய்ச் சேர்வதற்குள், செவலை கழுத்தை நீட்டி மூச்சுக்கு இழுத்தது. வாயில் நுரை. கால்கள் வெடவெடவென்று நடுங்க, அப்படியே சாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"தொட்டியிலேருந்து எடு, எடு!" என்று நாகேஸ்வரன் வேட்டி அவிழ ஓடி வந்தார்.

மாட்டு டாக்டர் வந்தபோது ஒன்பது மாடுகள் செத்துக் கிடந்தன. அவர் ஒரு சோளத்தாளை எடுத்துப் பார்த்தார். "தண்ணியில்லாம வாடுன இளஞ்சோளம் விஷங்க. மானாவாரி ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

நெல் மட்டுமே தெரிந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. மிச்ச மாடுகள் கைமாறின. கொட்டகை பூட்டப்பட்டது. பிறக்காத கன்றோடு செவலையை அந்தச் சோள வயலிலேயே புதைத்தார்கள். கீதாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் எழுதிய இதை அம்சத்துக்கு வாசித்துக் காட்டியபோது, இந்த இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதை மாத்திடுங்கம்மா. அவரு சொன்னாரு. 'தாயி, இதை மாட்டுக்குக் காட்டிடாதே'ன்னு எங்கிட்டதான் சொன்னாரு. நாம அறுக்காம விட்டா தன் ஆட்டை மேய்ச்சுக்கலாம்னு தந்திரம் பண்றாருன்னு நெனச்சு, நான்தான் ஐயாகிட்ட சொல்லல."