மத்தியான ஏற்றம்

டிரைவரம்மாவின் கார் காலையில் ஒரு வண்டி, மத்தியானத்தில் இன்னொரு வண்டி. விடியும் நேரத்தில் கிளம்பினால் மலைப்பாதையின் வளைவுகளை விளையாட்டுப்போல ஏறிவிடும். அதே வண்டி, அதே ஆட்கள், அதே பாதை, உச்சிவெயிலில் மட்டும் முக்கி முனகி, லாரிக்காரன் பின்னால் நின்று ஹாரன் அடித்துத் திட்டும்படி நகரும்.

கணவன் மாரடைப்பில் போன பிறகு, அவன் வைத்திருந்த அந்த வாடகைக் காரை விற்றுவிடு என்று உறவு முழுக்கச் சொன்னது. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் மாதமே இரண்டு கதவும் நசுங்கின. அப்புறம் பழகிவிட்டது. மலைமேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப்போவதுதான் அவளுக்கு முக்கால்வாசி வேலை. குளிர்ந்த காற்று நல்லது என்று எந்தக் காலத்திலோ நெஞ்சுநோய்க்காரர்களுக்காக உச்சியில் கட்டிய ஆஸ்பத்திரி அது. கீழே நகரம் வளர்ந்தும் அது இறங்கி வரவில்லை, அதற்கு ஈடாக வேறொன்றும் கீழே வரவில்லை.

வண்டிக்கு என்ன கேடு என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டாள்.

"கேடெல்லாம் இல்லம்மா. எஞ்சினும் மூச்சு விடணுமில்ல? குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும். ஒரு மூச்சு இழுத்தா நிறைய உள்ள போகும், பெட்ரோல் நல்லா எரியும். சூடு ஏறினா காத்து விரிஞ்சு லேசாயிடும். அதே மூச்சுதான் இழுக்குது, உள்ள சரக்கு கம்மி. சமதரையில ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துலதான் காட்டிக்கொடுத்துடும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு. மத்தியானம் ஆச்சுன்னா ஒரு வேலைக்கும் எழுந்திருக்க மாட்டாரு" என்றாள். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

அதிலிருந்து மலைச் சவாரியெல்லாம் காலையில்தான். மத்தியானம் யார் கூப்பிட்டாலும், "வண்டி தூங்குது, சாயங்காலம் வரேன்" என்றுவிடுவாள்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் ஆன பிறகும் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தான். மலையடிவாரத்தில் சாலைக்குத் தார் போடும் வேலை.

அந்தக் கோடையில் வெயில் ஈவிரக்கம் இல்லாமல் காய்ந்தது. ஒரு மத்தியானம் வாசலில் அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். "அண்ணி, அவரு விழுந்துட்டாராம்! மேஸ்திரி போன் பண்ணாரு. என்னென்னமோ உளர்றாராம்!"

அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பியை ஒரு தார் டிரம்மின் நிழலில் கிடத்தியிருந்தார்கள். தோல் காய்ந்து, தொட்டால் சுட்டது. வியர்வையே இல்லை. அக்காவை யாரோ போலப் பார்த்தான். பக்கத்தில் இருந்த சின்னக் கிளினிக்கில் நர்ஸ் உடம்புச் சூட்டைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"இது வெயில் தாக்கினது. இங்க எங்களால முடியாது. ஆம்புலன்ஸ் மேல பிரசவத்துக்குப் போயிருக்கு, எப்ப வரும்னு தெரியல. நீங்களே மலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. உடம்பை நனைச்சுக்கிட்டே போங்க."

பின் சீட்டில் தம்பி, அவன் தலை மனைவியின் மடியில். முன்னால் மேஸ்திரி, மடியில் தண்ணீர்க் கேன். ஏசியை முழுக்கத் திருப்பிவிட்டு டிரைவரம்மா கிளம்பினாள். சமதரையில் பறந்தது. முதல் வளைவிலேயே இழுவை குறைந்தது. இரண்டாவதில் கியரைக் குறைத்தாள். மூன்றாவதில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி நடக்கும் மனிதனைவிட மெதுவாகப் போனது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம்.

ஏசியும் எஞ்சினின் பலத்தைத்தான் தின்கிறது. அதை நிறுத்தினால் வண்டி ஏறும். நிறுத்தினால் பின்னால் கிடப்பவன் வேகிறான்.

"ஏசிய நிறுத்தப் போறேன். ஜன்னலைத் திற" என்றாள்.

"அண்ணி, வேணாம்! இப்பதான் கொஞ்சம் கண்ணைத் திறந்தாரு!"

"வண்டி நின்னுடும்டீ. நின்னா எல்லாம் போச்சு. திற!"

திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல அனல் உள்ளே பாய்ந்தது. தம்பி வறண்ட நாக்கோடு ஏதோ சொன்னான். "அக்கா, எரியுது" என்று அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை மறுபடி அந்தப் பொத்தானுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி கொஞ்சம் தெம்பு பெற்று ஏறியது. ஆனால் மலையில் மிகச் செங்குத்தான வளைவு வந்ததும் மூச்சு நின்றதுபோல அணைந்துவிட்டது. மேஸ்திரி குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். டிரைவரம்மா பானெட்டைத் தூக்கினாள். உள்ளே, முன்பக்கத்துக் காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் கறுப்பு ரப்பர் குழாய் கிளிப் உடைந்து கழன்று தொங்கியது. வேலை நடக்கும் குண்டுகுழிச் சாலையில் கழன்றிருக்க வேண்டும். வெளிக்காற்றே அனல். வண்டியோ அதையும் விட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் கொதிக்கும் காற்றைக் குடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

"மேஸ்திரி, அந்தத் துண்டைக் குடு!"

தலையில் கட்டியிருந்த துண்டை அவர் உருவிக் கொடுத்தார். விரல்கள் சுட, குழாயை அதன் வாயில் திணித்து இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்தபோது மேஸ்திரி அழுதுகொண்டிருந்தார். பருத்த உடம்புக்காரர், அதட்டலுக்குப் பேர்போனவர்.

"நான் ஏறலக்கா. என் கனமாவது குறையட்டும். மிச்சமிருக்கிற ரோட்டை முடிச்சுட்டுச் சாப்பிடப் போடான்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். தலை சுத்துதுன்னான். சும்மா நடிக்காதேன்னுட்டேன்."

அவரைத் திட்டவும் அவளுக்கு நேரமில்லை. "தள்ளு!" என்றாள். சாவியைத் திருப்பினாள், எஞ்சின் பிடித்தது. அவர் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கண்ணாடியில் வெறுந்தலையோடு வெயிலில் நிற்கும் அவர் உருவம் சிறுத்துப் போயிற்று.

வளைவைத் தாண்டியதும் வண்டியின் குரல் மாறியிருந்தது. மேலே போகப் போகக் காற்றில் சூடு குறைந்தது, மரங்கள் சாலைமேல் கவிந்தன. தம்பி மனைவி கேனில் மிச்சமிருந்த தண்ணீரைத் துணியில் நனைத்து அவன் மார்பில் போட்டு, வண்டிக்கு வெயில் மறைக்கும் அட்டையால் விசிறிக்கொண்டே வந்தாள். விசிறியபடியே சொன்னாள்: "அண்ணி, பேச்சு மூச்சே இல்ல."

டிரைவரம்மா ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினாள். ஸ்டியரிங்கை அவள் பிடித்திருந்த பிடியில் நகம் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கசிந்ததை ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தாள்.

ஐஸ் கட்டிகளோடு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும்போது மேஸ்திரி வந்து சேர்ந்தார். வழியில் எந்த வண்டியும் ஏற்றிக்கொள்ளவில்லையாம், நடந்தே வந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. தம்பி மனைவி அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

உயிர் தங்கியது. ஆனால் பல நாள் கழித்து எழுந்து நின்ற தம்பி, குடித்தவன்போலத் தள்ளாடினான். பேச்சு குழறியது. மூளையில் நடையையும் பேச்சையும் சீர்படுத்தும் பகுதியைச் சூடு தாக்கியிருக்கிறது, எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"நான் ஏசியை நிறுத்தினதாலயா சார்?"

"இல்லம்மா. ஈரத்துணி போட்டு விசிறினதே பெரிய விஷயம். அதுதான் உயிரைப் பிடிச்சு வெச்சுது."

"நிறுத்தாம இருந்திருந்தா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டி ஏறியிருக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சரியான பதில்தான். ஆனாலும் அது அவள் நெஞ்சில் இறங்கவில்லை. இப்போது தம்பி அவள் வீட்டிலேயே இருக்கிறான். அவன் மனைவி தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் மாட்ட அவன் விரல்கள் அலைபாயும்போது டிரைவரம்மா உதவப் போவதில்லை. போனால் கோபம் வருகிறது அவனுக்கு. அடுப்படியில் பாத்திரத்தை வெறுமனே தேய்த்துக்கொண்டே, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்து நிற்கிறாள். "போட்டுட்டேன்க்கா" என்று குழறும் குரல் சில நாள் வருகிறது. சில நாள் வருவதில்லை.