அம்மாவின் லைசென்ஸ்

அம்மாவுக்கு எழுபது வயது. அடுத்த மாதம் முடியும் லைசென்ஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்றார். மருத்துவச் சான்றிதழுக்காக இன்று பெரியநாயக்கன்பாளையம் போனோம்.

டாக்டர் தயங்கினார். "இந்த வயசுல வண்டி எதுக்குங்கம்மா? அதான் பையன் இருக்காருல்லங்க?"

"தொண்ணூத்தஞ்சுல ஊட்டுக்காரர் கால் அடிபட்டுப் படுத்துட்டாருங்க. அப்பத்தான் மொபெட் பழகுனேன். காலையில பால் ஊத்திப்போட்டு, மில்லு வேலைக்கும் போயித்தான் மூணு புள்ளைங்களப் படிக்க வெச்சேனுங்க. இப்பவும் அவர நாந்தானுங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். அம்மா கடைசி வரி வரை படித்தார். எனக்குத்தான் அது மங்கலாகத் தெரிந்தது. சிரித்தபடி கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

வெளியே வந்ததும் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார் அம்மா. "பின்னால உக்காரு கண்ணு."

அம்மா வண்டி ஓட்ட, நாற்பத்தெட்டு வயதில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பிய வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா?