தேத்தண்ணி குடித்துக்கொண்டே டிராம் ஓட்டியவர்

இன்று காலை புறக்கோட்டையில் பொரளை டிராமுக்குள் ஓர் இன்ஸ்பெக்டர் ஏறினார். டிராம் கம்பெனித் துரை கொடுத்தனுப்பிய ஈயக் குண்டை நூலில் கட்டிக் கூரையில் தொங்கவிட்டார். அதன் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஓர் அட்டையை வைத்தார்.

வண்டி வெடுக்கென்று கிளம்பினால் குண்டு பின்னால் போகும், பிரேக் போட்டால் முன்னால் வரும். குண்டு மூன்று தரம் அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் டிரைவருக்கு வேலை போய்விடும். மருதானை வருவதற்குள்ளேயே இரண்டு தரம் தாண்டிவிட்டது.

அப்போது கரண்ட் நின்றது. டிராம் மெல்ல ஊர்ந்து, குலுக்கமே இல்லாமல் நின்றது.

நிற்கிற வண்டியும் சீராக ஓடுகிற வண்டியும் குண்டுக்கு ஒன்றுதான். இன்ஸ்பெக்டரோ குண்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிரைவர் சத்தமில்லாமல் இறங்கி எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார். பயணிகள் நாங்கள் ஒருவரும் அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை.

முட்டைக் கூடையோடு இருந்த முஸ்லிம் வியாபாரி நானா மட்டும் கேட்டார்: "இப்ப ஓட்டம் எப்படி மாத்தையா?"

"இப்பதான் ஒழுங்காய் ஓட்டுறான். குண்டு அசையவே இல்லை, பாருங்கோ," என்றார் இன்ஸ்பெக்டர், எழுதிக்கொண்டே.

நான் வேலை பார்க்கும் கந்தோரில் என் மேசைக்கு மேலேயும் ஒரு குண்டு தொங்கவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நாள் முழுக்க அசையாது. வேறு யாருக்காவது வேண்டுமா?