பத்து நிமிஷ மலை

சங்ககிரி மலையில் ஞாயிறுதோறும் ஏறுகிறவர்களுக்குள் ஒரு பொய் உண்டு. இறங்கி வருகிறவர்களிடம் "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று எந்த இடத்தில் கேட்டாலும், "பத்து நிமிஷந்தானுங்க" என்பார்கள். மூன்று வருஷமாக நானும் கூசாமல் அதைச் சொல்லி வருகிறேன்.

என் கணவர் லாரி ஓட்டியவர். வடக்கே எத்தனையோ மலைப்பாதைகளில் பாரத்தோடு போனவர், சொந்த ஊர் மலையில் ஒருநாளும் ஏறியதில்லை. "அங்க என்ன லோடா எறக்கப் போறோம்?" என்பார். போன வருஷம், எதிரே வரும் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று ஸ்டியரிங்கை விட்டார். அதிலிருந்து நாற்காலியும் டிவியும்தான். அவர் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. என்னோடு மலைக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தேன். "ஒரே ஒரு தடவ வாரேன், அதோட சரி" என்றார்.

அவருக்குப் புது ஷூ வாங்கி வந்தேன். கிளம்புகிற நேரத்தில் வாசலில் இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்து, கும்பிட்டுவிட்டு, ஷூக்காலால் ஒவ்வொன்றாக ஏறி நசுக்கினார்.

"மொத ட்ரிப்பு புள்ள, சும்மா எடுக்க முடியுமா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

மலைக்கோட்டையின் மூன்றாவது வாசலிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. இறங்கி வந்த ஒருவர் பத்து நிமிஷம் என்றார். அரை மணி நேரம் ஏறிய பிறகு வந்த இன்னொருவரும் பத்து நிமிஷம் என்றார். மனுஷனுக்கு வந்ததே கோபம்!

"கிலோமீட்டர் கல்லு பாத்தே பொழைச்சவன்கிட்ட இப்படிப் பச்சையாப் புளுகறாங்க. இதுக்கு மேல வண்டி நகராது."

பாறையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போனால் அதே நாற்காலியில்தான் உட்காருவார். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன். பாதி பாட்டில் காலியானதும் எழுந்தார்.

"சரி, மொத கியர்லயே போலாம்."

உச்சியில் மரம் அதிகமில்லை. பாறை, புல், பேய்க்காற்று. எனக்கு அது போதும், அதற்காகத்தான் வாராவாரம் வருகிறேன். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்புபோல ஊர்ந்தன. அதைப் பார்த்து அவர் மனசு உடைந்துவிடுமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு நின்றார்.

"அத்தன வண்டியையும் ஓவர்டேக் பண்ணிட்டேன் பாத்தியா!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியும் விட்டேன்.

இறங்கும்போது, அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு தம்பதி வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

தூரத்தைத் தப்பாகச் சொல்லி அறியாதவர் என் கணவர். அந்த இருவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"பத்து நிமிஷந்தானுங்க. மேல என்னமா காத்துங்கறீங்க! நாங்க ஞாயித்துக்கெழமையானா வந்துருவமுங்க."

நான் ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.